விரல் நுழையாத வாய்

எங்கள் மாட்டுங்கா வீட்டில் எதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்கியதில்லை. அலுவலகத்தில் எனக்குக் கொள்முதல் பிரிவு. அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிடும்.

சென்ற மழைக்காலத்தில் கல்லூரியில் படிக்கும் என் மகளுக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் கோத்து, கழுத்துவரை வீங்கிவிட்டது. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. செம்பூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். உடனே கீறிச் சீழை எடுக்க வேண்டும் என்றார்கள். மயக்கம் கொடுக்க வந்த டாக்டர் ஒரு மராத்திப் பெண்மணி. ஹிந்தியில் நிதானமாக விளக்கினார். தூங்க வைத்த பிறகு மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட முடியாமல் போனால் மூச்சே நின்றுவிடலாம். அதனால் தொண்டையை மரத்துப்போகச் செய்து, விழித்திருக்கும்போதே டியூபைப் போட்டுவிட்டு, அப்புறம்தான் மயக்கம்.

சொல்லிவிட்டு ஏற்பாடுகளைப் பார்க்கப் போனார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய நான் போனைப் பிடித்துக்கொண்டேன். தேடியதில், டியூப் போட இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று, நுனியில் கேமராவுடன் மூக்கு வழியாகப் போகும் மெல்லிய குழல். இன்னொன்று, வாய்க்குள் விட்டு நாக்கை ஒதுக்கிப் பிடிக்கும் வளைந்த தகடு. அதிலும் கேமரா உண்டு. தகட்டில் வேலை சீக்கிரம் முடியுமாம். டாக்டர் திரும்பியதும் அதையே பரிந்துரைத்தேன்.

நல்ல கருவிதான் என்றார் அவர். இந்த வாய்க்குள் அதை எப்படி நுழைப்பது என்று மட்டும் கேட்டார்.

மகள் பல்லிடுக்கு வழியாகவே பேசினாள். "அப்பா, நீ என்ன மிக்ஸியா வாங்கறே?"

பிறகு டாக்டரிடம் ஹிந்தியில், மரத்துப்போகச் செய்யும் மருந்தை முதலில் அப்பா தொண்டையில் அடியுங்கள் என்றாள். டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது.

மூக்கு வழியாகத்தான் போட்டார்கள். சொன்னபடி மூச்சை இழுத்து விட்டாளாம், முரண்டு பிடிக்கவில்லையாம். வெளியே என்னைத்தான் நர்ஸ் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

சில வாரம் கழித்து சான்பாடாவிலிருந்து என் தம்பி மகளைப் பார்க்க வந்தான். இரண்டு கருவிகளின் நிறைகுறைகளையும் அவனுக்கு விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த மகள் கொட்டாவி விட்டாள். கையால் மறைக்கக்கூட இல்லை. கடைவாய் தெரிய, முழுசாக, சாவகாசமாக.

"மேலே சொல்லுண்ணா" என்றான் தம்பி.

அவள் வாயை மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.