செவலைக்கு ஒரு குரல், மகளுக்கு ஒரு குரல்

மடியில் கை வைக்குமுன் நிர்மலாதேவி செவலைப் பசுவின் கழுத்தடியைச் சொறிந்துவிடுவாள். "எந் தங்கமில்ல, கொஞ்சம் நில்லு சாமி" என்று குழைவாள். பசுவும் கண்ணைச் செருகிக்கொண்டு பால் சுரக்கும். அதே வாய் அடுத்த நொடி வாசல் பக்கம் திரும்பும். "அடி எருமை, உக்காந்து எழுதுடி." இண்டூரில் மாட்டைத் தங்கம் என்றும் பிள்ளையை எருமை என்றும் கூப்பிடுகிற வீடு இது ஒன்றுதான்.

மகள் கனிஷ்காவுக்கு எட்டு வயது. ஒரு வரி எழுதுவாள். ஓணானைப் பார்க்க எழுந்து போவாள். வகுப்பிலும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்களோ என்று நிர்மலாதேவி பயப்படுவாள். அந்தப் பயம் வாய்க்கு வரும்போது கத்தலாகிவிடும்.

தர்மபுரியில் மகளைக் காட்டப் போனபோது டாக்டரம்மா இருவரையும் கொஞ்ச நேரம் கவனித்தார். பிள்ளையின் சுபாவமே அப்படி, அது உங்கள் குற்றமில்லை, ஆனால் கத்தக் கத்தக் கூடத்தான் செய்யும் என்றார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டதும், நிர்மலாதேவி செவலையைப் பற்றி உருகி உருகிச் சொன்னாள்.

"மாட்டுகிட்டப் பேசற மாதிரியே இவகிட்டயும் பேசுங்க."

அவள் அதை மருந்துச்சீட்டாகவே எடுத்துக்கொண்டாள். மாட்டிடம் போவதுபோலவே பின்பக்கமாகப் போகாமல் பக்கவாட்டில் போய் நின்றாள். மகளின் கழுத்தடியைச் சொறிந்து, கொஞ்சம் நில்லு சாமி என்றாள். கனிஷ்கா சிரித்துப் புரண்டாள். நாலாம் நாள் எழுந்திருக்காமல் ஐந்து வரி எழுதினாள்.

மிச்சமான கோபம் எங்காவது போகவேண்டுமே. செவலை மேல் போனது. தன்னை எருமை என்று யாரும் அதுவரை திட்டிக் கேட்டறியாத பசு வாளியை உதைத்தது. பால் இரண்டு லிட்டர் குறைந்தது. புருஷன் அர்ச்சுனன் வாளியை எட்டிப் பார்த்தான்.

"மாட்டையும் அந்த டாக்டரம்மாகிட்ட ஒருக்கா காட்டிட்டு வந்துரலாமா?"

அன்றிலிருந்து கோபமெல்லாம் அவனுக்கு. அவன் பாலும் தருவதில்லை, வீட்டுப்பாடமும் எழுதுவதில்லை, யாருக்கும் நஷ்டமில்லை.

நேற்று மாலை அவன் வெளியே போயிருந்தான். கனிஷ்கா ஓடிய ஓட்டத்தில் வாளிப் பால் முழுவதும் மண்ணில் கவிழ்ந்தது.

"அடி எருமை."

பழைய குரல் பழையபடியே வந்துவிட்டது.  இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் ஒரு சொல்லில் போயிற்றே என்று நிர்மலாதேவி வெறும் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 

கனிஷ்கா ஓடவில்லை. மெல்ல வந்து அம்மாவுக்குப் பக்கவாட்டில் நின்று, கண்ணை மூடி, மோவாயைத் தூக்கிக் கழுத்தடியைக் காட்டினாள்.