நீலக் குழாயில் விரல் தடம்

எடித் பொய் சொல்லுகிறவள் அல்ல. நம்பாதவர்கள் வங்காலைக்குப் போய் அவளையே கேட்கலாம். பஸ்ரியனைக் கேட்க முடியாது. அறுபத்து நாலாம் ஆண்டு சோளகக் காற்று அடித்த நாட்களில், பட்டப்பகலில் நடந்தது இது. நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

அவள் புருஷன் பஸ்ரியன், சங்குக் குத்தகைக்காரர் வஸீர் முதலாளியின் காவல் படகில், களவாய்ச் சங்கு எடுப்பவர்களை விரட்டப் போகிறவன். முதலாளியின் றிவோல்வர் அவன் பொறுப்பில் இருந்தது. காய்ச்சலோடு மன்னார் ஆஸ்பத்திரியில் படுத்தவன், பார்க்க வந்த எடித்திடம் வீட்டு அலுமாரியில் இருந்த அதைப் பிள்ளையை ஒப்படைப்பதுபோல ஒப்படைத்தான். உப்புக் காற்று, ஒரு நாள் துடைக்காமல் விட்டாலும் இரும்பு கறள் பிடிக்கும் என்றான். துணியால்தான் பிடிக்க வேண்டும், வெறும் விரல் படக்கூடாது. தையல் மெசின் எண்ணெய் மட்டும். தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். இரும்பில் ஏற்றிய நீலம் போனால் போனதுதான்.

"ஆரையாவது சுட்டனீங்களோ?" என்று பகிடிக்குக் கேட்டாள்.

"ஒருநாளும் இல்லை," என்றான். அவன் சிரிக்கவில்லை.

வீட்டில் அலுமாரியைத் திறந்து எடுத்தாள். உருளையில் ஒரு குண்டும் இல்லை. ஈர்க்கிலில் துணி சுற்றிக் குழாய்க்குள் விட்டாள். துணி கரியாக வந்தது. சுடாத துவக்குக்குள் கரி ஏது? பழைய ஊத்தையாக்கும் என்று மனதைத் தேற்றினாள். எண்ணெய் ஒற்றி, வேட்டித் துண்டில் சுற்றி, அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம். கோயிலில் திரிகால மணி அடித்து ஓய்ந்தது. அலுமாரிக்குள் ஒரு சத்தம். சொட்... சொட்...

திறந்தாள். துணி நனைந்திருந்தது. நீலக் குழாயில் செங்கறள். விரல் தடங்கள். பிடியில் அல்ல... குழாயைச் சுற்றி. முன்னால் நின்ற ஒருவன் தட்டிவிடப் பிடித்ததுபோல.

பெருவிரல் இருந்தது. மற்ற விரல்கள் இருந்தன. சுண்டுவிரல் மட்டும் இல்லை.

துணியை நாக்கில் வைத்தாள். உப்பு.

எண்ணெய் ஒற்றித் துடைத்தாள். அடுத்த மத்தியானம், மணி ஓய்ந்ததும்... அதே விரல்கள். கறள் அல்ல அவளை அரித்தது. அவர் சொன்னது பொய்யோ? அந்த ஒன்றுதான்.

தடம் இல்லாமல் போனால் போதும் என்று நினைத்தாள். பக்கத்து வீட்டு லூசியா அக்கா கோயில் மெழுகுதிரித் தண்டுகளைத் துலக்குகிறவள். இன்னதென்று சொல்லாமல் அவளிடம் கேட்டாள்.

"புளியைப் போட்டு உரஞ்சு பிள்ளை. பொன் மாதிரி வரும்."

உரஞ்சினாள். நீலம் கழன்று கழன்று வந்தது. குழாய் வெளுத்தது. ஆனால்...

அந்த விரல் தடங்கள் மட்டும் நீலமாகவே நின்றன.

துவக்கை மேசையில் போட்டுவிட்டு வெளியே வந்தாள். வேலியடியில் லூசியா இன்னும் கதைத்துக்கொண்டு நின்றாள். கொண்டச்சிக் கரையில் அருட்பிரகாசம் பிணமாய் ஒதுங்கின கதை. களவாய்ச் சங்கு குளிக்கிறவன். போன மாதம் அவனைக் குழி வெட்டித் தாட்டது எடித்துக்கும் தெரியும். கை விசயம்தான் தெரியாது.

"டைனமைற் வெடிச்சுச் சுண்டுவிரல் போனவனெல்லோ. அந்தக் கையை விரிக்கவே ஏலாமல் போச்சாம். எதையோ பிடிச்சபடி... அப்பிடியே தாட்டவையாம்."

எடித் உள்ளே ஓடினாள்.

குழாயில் தடம் இல்லை.

பிடியில் இருந்தது. ஈரமாக.

படலை கிரீச்சிட்டது. பஸ்ரியனின் குரல். "எடித்... ஆஸ்பத்திரியில துண்டு வெட்டி விட்டிட்டினம். வந்திட்டன்."

மேசையில் யாரும் தொடாத துவக்கு...

டிக்.

வெடி இல்லை. புகை இல்லை. படலையடியில் பஸ்ரியன் விழுந்து கிடந்தான். உடம்பில் ஒரு கீறலும் இல்லை. காய்ச்சல் திரும்பிவிட்டது என்றார் டொக்டர்.

பிரேதத்தைக் குளிப்பாட்டினவர்கள் பிறகுதான் சொன்னார்கள். கடற்கரைப் பக்கமே போகாமல், ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பஸ்ஸில் வந்தவன்... அவனைத் திருப்பிக் கிடத்தியபோது வாயால் கடல் தண்ணீர் வந்துகொண்டே இருந்ததாம்.