மைக்கக்கா அணைக்காத நன்றியுரை

பல்கலைக்கழகப் பெரிய அரங்கின் பின்சுவரை ஒட்டி ஒரு கண்ணாடி அறை உண்டு. அதற்குள் உட்கார்ந்து, மேடையில் பேசுகிறவர்களின் சத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் பாதி வாழ்க்கையைக் கழித்தவரை எல்லோரும் மைக்கக்கா என்றுதான் கூப்பிடுவோம். துணைவேந்தர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். அண்ணன் நடத்திய ஒலிபெருக்கிக் கடையில் பள்ளிக்கூட நாட்களிலேயே ஒயர் உரித்துப் பழகிய கை அவருக்கு.

அவர் கணவர் வேன் ஓட்டுகிறவர். "மேடையில பேசுறவன் வாயெல்லாம் உன் கையில இருக்கு. வீட்ல உன் சத்தத்தை யாரு குறைக்கிறது?" என்பார். அக்காவும் விடமாட்டார். "அதான் உங்களுக்குக் காதே கேக்கறதில்லையே, அப்புறம் என்ன?"

நான் அதே வளாகத்தில் பொருள் கிடங்கைப் பார்த்துக்கொள்பவன். பேட்டரி, டேப், பிளக் என்று எதற்காவது அக்கா வருவார். கடைசியில் என் கிடங்குக்கே வேலைக்கு வந்து சேர்ந்தார். எப்படி என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

விடுதியில் தண்ணீர் வரவில்லை என்று மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தின் முன் உட்கார்ந்து கோஷம் போட்ட வருடம், நடத்தை விதிகளைத் திருத்தினார்கள். மேடையில் பேசும் மாணவர் தன் பேச்சை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். எழுதிக் கொடுத்ததைத் தாண்டிப் பேசுவது ஒழுங்கீனம். பதிவாளர் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நான் முன்வரிசையில இருப்பேன். கையைத் தூக்கினா மைக்கை அணைச்சிடுங்க. வேற எதையும் நீங்க யோசிக்க வேண்டாம்."

அந்த விதிப்படி அக்கா ஒருமுறை அணைத்தார். ஆண்டு விழாவில் ஒரு பையன், ஒப்புதல் வாங்கிய கவிதையின் நடுவில் விடுதிச் சாப்பாட்டைக் கிண்டல் செய்து இரண்டு வரி சேர்த்துக்கொண்டான். கை உயர்ந்தது. சத்தம் நின்றது. அது தெரியாமல் பையன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். அரங்கமே சிரித்தது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அவன் பின்னால் திரும்பிப் பார்த்தானாம். "அந்தப் புள்ள திரும்பிப் பாத்துச்சு பாருங்க, அதைத்தான் தாங்க முடியல" என்று அக்கா அன்றே என்னிடம் வந்து சொன்னார்.

அடுத்த கல்வியாண்டில் விடுதி மாணவி ஒருத்தி மூச்சுத் திணறி இறந்துபோனாள். வளாகத்துச் சுகாதார நிலையம் பூட்டிக் கிடந்தது. வண்டி பிடித்து வெளியே கொண்டுபோவதற்குள் காரியம் கைமீறிவிட்டது. நிர்வாகம் இரங்கல் கூட்டம் நடத்தி, பேச்சே இல்லாமல் மௌனமாக நின்று கலைந்தது.

அந்த வருடம் நிறைவு விழாவில் நன்றியுரை சொல்ல வந்தவள், இறந்தவளின் அறைத்தோழி. குட்டையான பெண், கீச்சுக்குரல். காலையிலேயே வந்து மைக்கைச் சோதித்துப் பார்த்தாள். ஸ்டாண்டை எவ்வளவு இறக்கினாலும் அவளுக்கு எட்டவில்லை.

"உனக்காக இதை அறுக்கவா முடியும்? ஏதாவது மேல ஏறி நில்லும்மா" என்றார் அக்கா.

அவள் சிரித்தாள். "என் குரல் கடைசி வரைக்கும் கேக்குமாக்கா?"

"நான் இருக்கேன்ல. பயப்படாம பேசு."

விழாவில் அந்தப் பெண் எழுதிக் கொடுத்தபடியே துணைவேந்தருக்கு, துறைத்தலைவர்களுக்கு, விருந்தினருக்கு நன்றி சொன்னாள். பிறகு தாளை மடித்தாள்.

"இன்னும் சிலருக்கு நன்றி சொல்லணும். மூச்சு விட முடியாம இருந்த என் தோழிக்காக, யாரையும் கேக்காம கேட்டைத் திறந்துவிட்ட காவலாளி ஐயாவுக்கு நன்றி. காசு வாங்காம வண்டியை விரட்டிட்டுப் போன டாக்சிக்காரருக்கு நன்றி. சுகாதார நிலையத்துக்கும் சொல்லணும்னு ஆசைதான். ஆனா அது பூட்டியிருந்துச்சு."

பதிவாளரின் கை உயர்ந்தது. அக்காவின் விரல் பொத்தான் மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை. கை மறுபடியும் உயர்ந்தது. பிறகு பதிவாளர் எழுந்தே நின்றுவிட்டார். கண்ணாடி அறையில் போன் அடித்தது. அக்கா எடுக்கவில்லை. அந்தப் பெண் தோழியைப் பற்றிச் சொன்னாள். அவள் தூக்கத்தில் கணக்குச் சூத்திரம் முணுமுணுப்பாள், துணி காயப்போடச் சோம்பல்படுவாள், வேலை கிடைத்ததும் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்பாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, வணக்கம் போட்டு இறங்கினாள். யாரும் கை தட்டவில்லை.

விசாரணைக் குழு அமைத்தார்கள். அரங்கில் நடப்பதெல்லாம் தானாகவே பதிவாகும். அந்தப் பதிவைக் கொடுக்கச் சொன்னார்கள். அழிந்துவிட்டது என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் பேச்சில் ஒரு சுடுசொல்கூட இல்லை, கேட்டால் அவர்களே புரிந்துகொள்வார்கள் என்று நம்பி எடுத்துக் கொடுத்தார். அவர்கள் அதை எழுத்தில் இறக்கி, சுகாதார நிலையம் பூட்டியிருந்த வரிக்குக் கீழே கோடு போட்டு, 'நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம்' என்று குறித்தார்கள்.

அக்காவையும் விசாரித்தார்கள்.

"பதிவாளர் கையைத் தூக்கினது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார்."

"அப்புறம் ஏன் அணைக்கல?"

"நன்றிதானே சார் சொல்லிக்கிட்டிருந்தா. நன்றி சொல்றவ வாயை எப்படி சார் அடைக்கிறது?"

குழுவில் ஒருவருக்குச் சிரிப்பு வந்து, இருமலாக்கி விழுங்கினார். தலைமை வகித்த சட்டப் பேராசிரியர் மட்டும் முகம் மாறாமல் சொன்னார்: "நீங்க அவளுக்கு நல்லது பண்ணதா நினைக்கிறீங்கம்மா. முதல் வரியிலேயே அணைச்சிருந்தா, கூப்பிட்டுக் கண்டிச்சு அனுப்பியிருப்போம். யார் காதுலயும் விழாத பேச்சுக்கு யாரும் விசாரணை வைக்கிறதில்ல."

அந்தப் பெண்ணை ஒரு வருடம் நீக்கினார்கள். அக்காவைக் கிடங்குக்கு மாற்றினார்கள். அக்கா வந்ததும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, எரியாத பல்புகளைத் தனியாகப் பிரிக்க உட்கார்ந்தார்.

சில நாள் கழித்து, நீக்கப்பட்ட பெண்ணின் அம்மா மகளின் பெட்டியை எடுத்துப்போக வந்தார். தையல் வேலை செய்கிறவர், தோளில் அளவு நாடா கூட இருந்தது, கழற்ற மறந்து வந்திருக்கிறார். விசாரித்துக்கொண்டு கிடங்குக்கே வந்துவிட்டார்.

"நீங்கதானா மைக்கை அணைக்காம விட்டது?"

"ஆமாம்மா."

"அவ பேசினது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். செத்தவளும் எங்க வீட்ல சாப்பிட்ட பொண்ணுதான். ஆனா அவ சின்னவ. நீங்க பெரியவங்க இல்லையா? நீங்க கொஞ்சம் யோசிச்சிருக்கக் கூடாதா?"

நான் தண்ணீர் கொடுத்தேன். அந்த அம்மா குடித்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். தூக்கிவிட எழுந்த அக்காவை வேண்டாம் என்று கையால் தடுத்துவிட்டார்.

மாணவர் சங்கம் நீதிமன்றம் போனது. வழக்கு இழுத்தடித்து ஒருவழியாகத் தீர்ப்பு வந்தது. நீக்கியது செல்லாது, அந்த விதியே செல்லாது என்று நீதிபதி எழுதினார். மாணவர்கள் இனிப்புக் கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள். அக்கா தன் பங்கை வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டு, அரைநாள் விடுப்புச் சொல்லி, பஸ் ஏறி அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனார்.

அவள் ஒரு பெரிய கடையின் வாடிக்கையாளர் சேவை அலுவலகத்தில், போனில் புகார் கேட்கும் வேலையில் இருந்தாள். இடைவேளையில் கீழே வந்தாள். இருவரும் டீ குடித்தார்கள். அக்கா நெடுநாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டேவிட்டார்.

"நான் அணைச்சிருந்தா உன் படிப்பு போயிருக்காது. என் மேல உனக்குக் கோபமாம்மா?"

அவள் சொன்னாள்: "அக்கா, நீங்க அணைச்சிடுவீங்கன்னுதான் நான் நினைச்சேன். அந்தக் கவிதை பையனுக்கு அணைச்சீங்கல்ல. ஒரு வரி சொல்வோம், எப்படியும் நிறுத்திடுவாங்க, அவளுக்காகப் பேசப் பாத்தோம்னாவது இருக்கும்னு நினைச்சேன். அந்த தைரியத்துலதான் ஆரம்பிச்சேன். நீங்க அணைக்கவே இல்ல. அதுக்கு மேல நானா எப்படிக்கா நிறுத்துறது? அவளைப் பாதி வழியில இறக்கிவிட்ட மாதிரி ஆயிடுமே."

அக்கா டீயைக் கீழே வைத்தார்.

"கோபம் இல்லக்கா. அதெல்லாம் பேசினது நான்தானான்னு சில நாள் எனக்கே சந்தேகமா இருக்கும்."

"தீர்ப்பு வந்துடுச்சே. திரும்ப வந்து படிக்கலாமே."

"பாக்கலாம்க்கா" என்றாள். மேலே இருந்து யாரோ கூப்பிட, அவள் டம்ளரை வைத்துவிட்டு ஓடினாள்.

அவள் வரவில்லை. சுகாதார நிலையத்தில் இப்போது இரவிலும் ஒரு நர்ஸ் இருக்கிறார். யார் பேசி வந்தது என்று யாரும் சொல்வதில்லை. தீர்ப்பைக் காட்டி மறுபடியும் அரங்கத்துக்கே மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள் என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

"வேண்டாம்யா. இனிமே ஒருத்தர் பேச்சை அணைக்கவும் எனக்குக் கை வராது. விடவும் பயமா இருக்கு" என்றார் அக்கா, பல்பு ஒன்றைக் காதருகே வைத்து, உள்ளே இழை அறுந்திருக்கிறதா என்று மெதுவாக ஆட்டிப் பார்த்தபடி.