டிபன் டப்பாவில் வாங்கிய தர்மம்

எங்கள் சித்தி, காசு வாங்காமல் தர்மம் கேட்கிற வேலைக்குப் போனாள். சிரிக்காதீர்கள், அப்படி ஒரு வேலை இருக்கிறது. காது கேளாத பிள்ளைகளுக்குக் காதுமிஷின் வாங்கிக் கொடுக்கிற ஒரு டிரஸ்ட்டுக்காக, கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். போகிறவர் வருகிறவரிடம் பேசி, மாதாமாதம் அவர்கள் பேங்க் கணக்கிலிருந்து ஐம்பது ரூபாய் எடுத்துக்கொள்ள ஃபாரத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். ரொக்கத்தைத் தொட்டால் வேலை போய்விடும்.

சித்தப்பா நூல் மில்லில் கை அடிபட்டு, ராஜபாளையத்து வீட்டில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். முதல் வாரத்துக்குள் இரண்டு ஃபாரம் சேர்த்தால்தான் சித்திக்கு வேலை நிலைக்கும். கடைசி நாளான சனிக்கிழமை மதியம்வரை ஒன்றுகூடச் சேரவில்லை. மூன்றாம் வகுப்பு முடித்து லீவில் இருந்த என்னையும் அன்றைக்குக் கூட்டிப்போயிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்துக்கு என்று யாராவது நின்றால், ஒரு கேள்வி கேட்காமல் கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். சித்தியிடமும் அப்படித்தான் நீட்டினார்கள். காசு வேண்டாம் என்று அவள் ஃபாரத்தைக் காட்டியதும் முகம் சுண்டிப்போய் நகர்ந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. தேடி வருகிற காசை எவளாவது வேண்டாம் என்பாளா? சித்திக்குத் தெரியாமல் காலி டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே ஓடினேன். கொய்யாப்பழம் விற்கிற அக்கா ஒரு நோட்டுப் போட்டாள். ஆட்டோக்காரர் ஒரு நோட்டுப் போட்டார்.

டப்பாவைத் திறந்து காட்டினால் என்னைத் தூக்கிக் கொஞ்சுவாள் என்று நினைத்தேன். சித்தி நோட்டுகளைப் பார்த்ததும் டப்பாவைப் படக்கென்று மூடினாள். திட்டவில்லை, அடிக்கவில்லை.

"ஏட்டி, யார் யார் குடுத்தாவ? காட்டு," என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கொய்யாப்பழ அக்கா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். "குடுத்த தர்மத்தைத் திருப்பி வாங்குனா எங்குடும்பம் வெளங்குமா தாயி? நீயே வச்சுக்கோ."

சித்தி விடவில்லை. கையில் வாங்கினால் அது எங்கே போகிறது என்று கொடுத்தவருக்கு எப்படித் தெரியும், பேங்க் வழியாகப் போனால் ரசீது வரும், முடியாத மாதம் நிறுத்திக்கொள்ளலாம் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். ஒரு வாரமாக யாரும் நின்று கேட்காத பேச்சு அது. நோட்டை வாங்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்ற அக்கா முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தாள். முதலில் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவாளாம், பொறவு நோட்டை வாங்கிக்கொள்வாளாம், அப்படியென்றால் தர்மம் நின்றுபோகாதாம். கணக்கு நம்பர் எழுத, மகளிர் குழுவுக்காக அவள் பேரில் எடுத்த பேங்க் பாஸ்புக் பையிலேயே இருந்தது. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரரும், தனக்கு மட்டும் அந்தப் பாவம் எதற்கு என்று கையெழுத்துப் போட்டுவிட்டே தன் நோட்டை வாங்கினார்.

ஆக இரண்டு ஃபாரம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வந்து வேலைக்கான ஆர்டரை வாங்கிக்கொள்ளச் சொன்னார். அத்தோடு நாங்கள் பஸ் ஏறியிருக்கலாம். சித்திக்கு வாய் நிற்கவில்லை.

"சார், எங்க அக்கா மக தெரியாம ரொக்கம் வாங்கிட்டா. திருப்பிக் குடுத்துட்டேன். ஆனாலும் வாங்குனது வாங்குனதுதான்."

அவர் நேராகக் கொய்யா வண்டிக்குப் போனார். செத்த நேரம் விசாரித்துவிட்டுத் திரும்பினார். சித்தி அதுவரை என் கையை விடவே இல்லை. திங்கட்கிழமை வரலாம், பிள்ளையைக் கூட்டி வரக் கூடாது என்றார்.

ராஜபாளையம் பஸ்ஸில் நான் சித்தியோடு பேசவில்லை. வேலை வாங்கிக் கொடுத்தவளே நான், என்னையே வரக் கூடாது என்கிறார்கள், இவளும் சரி சரி என்று தலையாட்டுகிறாள். அவள் என்னவோ வழியெல்லாம் சிரித்தபடி என் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள். கைக்கு வந்துவிட்ட வேலையை சூப்பர்வைசர் முன்னால் திரும்ப வைத்துவிட்டுத்தான் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. இவ்வளவு விவரங்கெட்டவளை வைத்துக்கொண்டு அந்த டிரஸ்ட் எப்படிப் பிழைக்கப்போகிறதோ என்றுதான் எனக்கு ஒரே கவலையாக இருந்தது.