சாமிக்கு விட்ட சேவலின் இடது சிறகு

என் வீட்டுக்காரர் தேயிலை ஃபாக்டரியில் மெஷின் பார்க்கிறவர். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். கல்யாணத்துக்கு முன்னால் என்னை மட்டும் எப்படிச் சோதிக்காமல் விட்டாரோ தெரியவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் இந்த வருஷம் என் அம்புகளைப் போட்டுப் பாடாய்ப் படுத்தினார்.

நான் தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வில்வித்தை பழக்க ஆளில்லை என்று என் தலையில் கட்டினார்கள். பிள்ளைகளுக்குப் பிடித்ததோ இல்லையோ, எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. கொழும்புப் போட்டிக்குப் போகும் ஊவா அணியில் பெண்களுக்கு ஒரே ஓர் இடம்தான். போன வருஷம் பதுளையில் நடந்த தெரிவுப் போட்டியில் என் கடைசி அம்பின் பிளாஸ்டிக் இறகு பிய்ந்து, அம்பு பக்கத்து ஆளுடைய இலக்குப் பலகையில் போய்க் குத்தி நின்றது. இடம் போனது. ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வருஷம் அந்த இடம் எனக்கு வேண்டும். வேண்டுமென்றால் வேண்டும்தான், அதில் என்ன வெட்கம்?

அம்பின் வாலில் மூன்று இறகு ஒட்டியிருக்கும். அம்பு நேராகப் போவது அதனால்தான். பிளாஸ்டிக் நல்லதா, கோழி இறகு நல்லதா என்று பார்த்துவிடுவோம் என்றார் வீட்டுக்காரர். கோழி இறகென்றால் ஓர் அம்புக்கு மூன்றும் ஒரே பக்கச் சிறகிலிருந்து வர வேண்டும். இடதையும் வலதையும் கலந்தால் வளைவு மாறி அம்பு குழம்பிவிடும். ஒரு நாள் சாயங்காலம் கை நிறையச் சிவப்பு இறகோடு வந்து நின்றார்.

"ஏங்க, எங்கருந்து?"

"கெடச்சிச்சு."

எனக்கும் அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. இறகு அவ்வளவு அழகாக இருந்தது.

பாதி அம்புக்குப் பிளாஸ்டிக், பாதிக்குக் கோழி இறகு ஒட்டினோம். மானாப்புல் அடைத்த சாக்கைக் குவாட்டர்ஸுக்குப் பின்னால் கட்டித் தொங்கவிட்டு அடித்துப் பார்த்தேன். என்னுடையது வெறும் மரவில். அம்பு மரத்தை உரசிக்கொண்டுதான் கிளம்பும். விறைப்பான பிளாஸ்டிக் மரத்தில் இடித்து வாலைத் தூக்கி எறிந்தது. ஒன்று கக்கூஸ் கூரைக்கே போய்விட்டது. கோழி இறகோ மரத்தில் பட்டதும் மடங்கிக் கொடுத்துவிட்டுப் போனது. அந்த அம்புகள் எல்லாம் ஒரு கைப்பிடிக்குள் குத்தி நின்றன. நான் குதித்தேன். அவரோ பூவாளியை எடுத்து வந்து இறகுகள் மேல் தண்ணீர் ஊற்றினார். நனைந்த பூனை வால் மாதிரித் தொங்கிப் போயின. அடுத்து அடித்த அம்பு சாக்கைத் தொடவே இல்லை. கொதிக்கும் கேத்தல் ஆவியில் காட்டித்தான் இறகுகளைப் பழையபடி நிமிர்த்தினோம்.

"வெயில்னா கோழி, மழைன்னா பிளாஸ்டிக்கு" என்று தீர்ப்புச் சொன்னார், கோர்ட்டு நீதவான் மாதிரி.

மறுநாள் காலையில் பக்கத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து ஒரு சத்தம்.

"எந்தக் கட்டையில போறவன்டா என் சேவலுக்கு ஒரு பக்கம் மட்டும் கிராப்பு வெட்டினது?"

அங்கே குடியிருக்கும், கொழுந்து பறிக்கும் அக்கா. கக்கத்தில் அவருடைய சிவப்புச் சேவல். எங்கள் வாசலுக்கு வந்து அதை இறக்கிவிட்டார். அது மதில் மேல் ஏறப் பறந்து, இடப்பக்கமாகச் சாய்ந்து கத்தரிப் பாத்தியில் விழுந்தது. வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது.

"டீச்சர், இது முனியாண்டிக்கு நேந்து விட்டது. எம்மகளுக்கு எத்தன வருஷம் கழிச்சு ஒரு புள்ள பொறந்திருக்கு! வெள்ளிக்கிழம குடுக்கணும். ஊனமான சேவலக் கொண்டுபோயி நிறுத்தினா சாமி என்னயக் கேக்காதா?" அக்காவின் கண் நிறைந்துவிட்டது.

"மொளச்சிரும்க்கா" என்றார் இவர்.

"வெள்ளிக்கிழமைக்குள்ளயா? ஒங்க மெஷின்ல வச்சு மொளைக்க வைங்க தம்பி, பாப்பம்!"

பூசாரியிடம் போனோம். அவர் சேவலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சேவல் சாமிக்கென்றால் இறகும் சாமிக்குத்தான், அம்போடு கொண்டுவந்து குத்திவிடுங்கள் என்றார். சனிக்கிழமை தெரிவு. வெள்ளிக்கிழமை என் நல்ல அம்புகள் எல்லாம் கோயிலில் அருவாள்களுக்குப் பக்கத்தில் நின்றன. துருப்பிடிக்காமல் அருவாளுக்கு நல்லெண்ணெய் பூசிய அக்கா, அதே கையால் இறகுகளுக்கும் மொழுமொழுவென்று பூசிவிட்டார். சாமி முன்னால் நின்று வீட்டுக்காரரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பதுளை மைதானத்தில் போட்டி தொடங்கப் போகிற நேரத்தில் அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தார். கையில் சேலைத் துணியில் சுற்றிய அம்புகள்.

"நேத்து ஒங்க மொகத்தப் பாத்ததுலருந்து தூக்கமில்ல டீச்சர். விடியக்காலையில போயி, அம்பத் திருப்பித் தரலாமான்னு சாமிகிட்ட பூ கேட்டேன். வலப்பக்கம் விழுந்திருச்சு. சாமியே குடுத்திருச்சு, எடுத்துக்கங்க."

வீட்டுக்காரர் இறகைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "எண்ணெ! போச்சு. மழையும் இருட்டிக்கிட்டு வருது. பிளாஸ்டிக்க எடு."

எடுத்தேன். பாழாய்ப் போன பிளாஸ்டிக் வழக்கம்போல மரத்தில் இடித்து, அம்புகள் மூலைக்கொன்றாகப் போயின. ஹப்புத்தளைப் பக்கத்து இளம்பெண் ஒருத்தி அமைதியாக என்னை முந்திக்கொண்டு போனாள். அப்போது மழையும் பிடித்தது. குடைக்குள் நின்ற அக்கா என்னைப் பார்க்கவில்லை, கீழே கிடந்த அந்தத் துணிச்சுருளையே பார்த்துக்கொண்டிருந்தார். போகிறதுதான் போகிறது, இதையும் அடித்துப் பார்த்துவிடுவோம் என்று சாமி அம்பை எடுத்துப் பூட்டினேன். வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

அம்பு நடுவில் போய் நின்றது. அடுத்ததும் அதன் பக்கத்தில். எண்ணெய் பட்ட இறகில் மழைத் தண்ணீர் ஒட்டவே இல்லை, முத்து முத்தாக உருண்டு விழுந்தது. அதற்குப் பிறகு வெளியே போன அம்பே கிடையாது. கடைசியில் அந்தப் பெண்ணை மயிரிழையில் தாண்டி, இடத்தைப் பிடித்துவிட்டேன்.

கூடாரத்துக்குள் வந்தால் அங்கே பெரிய சண்டை.

"எண்ணெதான் காரணம். நானே மொதல்ல யோசிச்சிருக்கணும்."

"எண்ணெயாம் எண்ணெ! முனியாண்டி செஞ்சது தம்பி அது."

"இல்லக்கா, அந்தச் சேவல் எறகும் நல்ல எறகு..."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏங்க! வில்ல இழுத்தது யாரு? எண்ணெயா? சேவலா? நனஞ்சு போயி ஒருத்தி முன்னால நிக்கிறேன், கண்ணு தெரியலயா ரெண்டு பேருக்கும்?"

வீட்டுக்காரர் மறுபடி கூரையைப் பார்த்தார். அக்காதான் கிட்டே வந்து, நாண் இழுத்துச் சிவந்து கிடந்த என் விரல்களைப் பிடித்துப் பார்த்தார்.

"கொழுந்து நெறய வந்தா, மழ நல்லாருக்குன்னுவாங்க, மல நல்லாருக்குன்னுவாங்க, ஒரம் நல்லாருக்குன்னுவாங்க. எடுத்த கைய ஒருத்தனும் சொல்ல மாட்டான். நானும் இப்ப அதத்தான் செஞ்சிட்டேன் பாருங்க. நல்லா அடிச்சீங்க டீச்சர்."

கொழும்புக்குப் போகிறவள் என்று என் பெயரை வாசித்தபோது வராத அழுகை, அப்போது வந்தது.