சட்டைப்பையில் ஒரு கலம்

மும்பையில் ஜூன் மழைக்கு முந்தைய வாரம். செம்பூரில் நான் ஏறிய வாஷி ரயிலில் அவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நகக்கண்களில் கிரீஸ். வண்டி குலுங்கும்போதெல்லாம் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

"கலம் பையிலதான் இருக்கு தங்கச்சி, பத்திரமா கொண்டாறேன்" என்று போனில் சொன்னார்.

என் மடியில் ஒரு விண்ணப்பம் நிரப்பாமல் கிடந்தது. இந்தியில் கலம் என்றால் பேனா.

"அண்ணாச்சி, அந்தக் கலத்தைக் கொஞ்சம் தர்றீங்களா?"

பதறிப்போய் எடுத்துக் காட்டினார். பிளாஸ்டிக் உறைக்குள், ஈரத்துணி சுற்றிய சின்னத் தக்காளிக் கிளை.

"இது எழுதுற கலம் இல்ல சார், வெட்டி நடுற கலம்."

இந்தியில் இரண்டுக்கும் அதே பேர்தான். நான் அசடு வழிந்தேன்.

"தாராவியில எங்க தகரக் கூரை மேல இருக்க செடி மழையில அழுவிப்போவும். அதான் தங்கச்சி வீட்டு சன்னல்ல இத வேர்விட வச்சு, தீவாளிக்கு அதுலருந்து ஒரு கிளைய வெட்டிக் கொண்டாருவேன். வருசா வருசம் இதே சோலிதான்."

"மழை விட்டதும் புதுசா விதை போட்டா ஆச்சு. எதுக்கு இந்தப் பாடு?"

"விதை போட்டா அது வேற செடில்லா சார்? இது எம் பொஞ்சாதி வச்சது. அவ போயி ஒம்பது மழை ஆச்சு. செடி அதேதான்."

வாஷியில் பையைப் பொத்தியபடி இறங்கிப் போனார்.

அந்த விண்ணப்பம் இன்னும் என் மேசையில் இருக்கிறது. ரேஷன் கார்டிலிருந்து என் மனைவியின் பெயரை நீக்கக் கோரும் விண்ணப்பம். வீட்டில் பேனாவுக்கு ஒன்றும் பஞ்சமில்லை.