ஏரிக்கரையில் கிடந்த மாடு

முடிச்சூருக்குள் வெள்ளம் புகுந்த அன்று அப்பா செய்த முதல் வேலை, எங்கள் மூன்று மாடுகளின் கயிற்றையும் அறுத்துவிட்டதுதான். கட்டிப்போட்ட மாடு முழுகிவிடும், அவிழ்த்துவிட்ட மாடு எப்படியாவது மேட்டைத் தேடிப் போய்விடும் என்பார். தண்ணீர் வடிந்ததும் இரண்டு திரும்பி வந்தன. செவலை வரவில்லை. பக்கத்துக் காலனியில் பாதி வீட்டுக் காபி செவலையின் பாலில்தான் நடந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டுச் சோறும் அப்படித்தான்.

செத்த மாட்டுக்கு அரசாங்கம் நிவாரணம் தருகிறது என்றார்கள். ஆனால் மாட்டின் உடலைக் காட்ட வேண்டும், மாட்டு டாக்டர் பார்க்க வேண்டும், சொந்தக்காரர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். ஆற்றோடு போன மாட்டுக்கு ஒன்றும் கிடையாது. பாவம், செத்த பிறகும் சாட்சி சொல்ல மாடேதான் வர வேண்டும்.

நான்காம் நாள் மாமா மூச்சிரைக்க ஓடிவந்தார். "மச்சான், ஏரிக்கரையாண்ட ஒரு செவலை மாடு செத்துக் கெடக்குது. டாக்டர்லாம் வந்துகினு கீறாங்க. சீக்கிரம் வா!"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். யாரும் கூப்பிடாமலே நானும் அழுதுகொண்டு பின்னால் ஓடினேன். எனக்கு அப்போது எட்டு வயது.

மாடு ஊதிப்போய்ச் சேற்றில் கிடந்தது. டாக்டர் மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தார்.

"உங்க மாடுதானாப்பா?"

"ஆமா சார்" என்று மாமா முந்திக்கொண்டார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். மாட்டைப் பார்க்காமலே போய் அதன் பக்கத்தில் நின்றார். கூட வந்த உதவியாளர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்.

அப்போதுதான் நான் பார்த்தேன். அழுகை போன இடம் தெரியவில்லை. "அப்பா, இது நம்ம செவலை இல்லப்பா! நம்மளுதுக்கு வால் நுனி வெள்ளையா இருக்கும்ல!" என்று சந்தோஷத்தில் கத்தினேன்.

மாமா கிள்ளிய கிள்ளு இப்போதும் நினைவிருக்கிறது. அப்பா குனிந்து வாலைத் தூக்கினார். மருந்துக்குக்கூட ஒரு வெள்ளை மயிர் இல்லை.

"எழுதாதீங்க சார். பாப்பா சொல்றது கரெக்டு. எங்களுது இல்ல" என்றவர், சேற்றிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு அக்கா தயங்கித் தயங்கி வந்தாள். காலையிலிருந்து தன் மாட்டைத் தேடிக்கொண்டிருந்தவளாம். "சார், கொம்பப் பார்த்தா என்னுது மாதிரி கீது சார்" என்றவள், பக்கத்தில் வந்து பார்த்ததும் ஓவென்று அழுதுவிட்டாள். அவளை நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். அவள் பெயரையே எழுதிக்கொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பால்வண்டிக்காரர் சேதி கொண்டுவந்தார். மண்ணிவாக்கத்தில் யாரோ ஒரு புண்ணியவான் வீட்டில் செவலை வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. அது வீடு வந்ததும் அம்மா நடுத்தெருவிலேயே அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எங்களுக்கு உயிர் திரும்பி வந்தது.

நான் கண்டுபிடித்துச் சொன்னதால்தான் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அப்பாவும் கேட்பவர்களிடமெல்லாம் அப்படியேதான் சொன்னார். செவலை எங்கள் கொட்டகையிலேயே பிறந்த மாடு. தினம் இரண்டு வேளையும் அதன் வாலைக் காலோடு சேர்த்துக் கட்டித்தான் அப்பா பால் கறப்பார். அந்த வால் என்ன நிறம் என்று நான் சொல்லியா அவருக்குத் தெரிய வேண்டும்? எட்டு வயதில் எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.